பழைய அறிவியல் புனைகதை ரசிகர்கள்: இப்போது கையில் என்ன புத்தகம்?

காயில்கடை, நீடாமங்கலம்:

எனக்கு நீடாமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. இருபத்திரண்டு வருஷத் தொழில். காயில் சுற்றும்போது படிக்க முடியாது. சுற்று எண்ணிக்கை தப்பினால் அதே மோட்டார் மறுபடி நம் கடை வாசலில்தான் வந்து இறங்கும். ஆனால் சுற்றி, கட்டி, வார்னிஷ் ஊற்றி, உள்ளே 200 வாட் பல்பைத் தொங்கவிட்டுக் காயப் போட்டுவிட்டால் அப்புறம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. என் படிப்பெல்லாம் அந்த பல்பு வெளிச்சத்தில்தான். தமிழ் என்றால் ஒரு மோட்டாருக்கு நாற்பது பக்கம் ஓடும். ஆங்கிலம் என்றால் பத்து, அதுவும் பக்கத்தில் அகராதி வைத்துக்கொண்டு.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தது பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கொடுத்தார்கள், கெட்டி அட்டை, சோவியத் தாள். அதில் ஒரு இடத்தில், எச். ஜி. வெல்ஸ் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கு உண்மையில் கண்ணே தெரியாது என்று நிரூபித்திருப்பார். கண்ணும் சேர்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் ஒளி நேராக ஊடுருவிப் போய்விடுமே, பிம்பம் எங்கே விழும்? அதைப் படித்த பிறகுதான் வெல்ஸ் என்று ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியும். மறுப்பை முதலில் படித்துவிட்டுக் கதையைப் பின்னால் தேடிப் போனவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சரி, இப்போது கையில் இருப்பது ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'. 1965இல் வந்தது. தஞ்சாவூரில் பழைய புத்தகம் விற்கிறவரிடம் அறுபது ரூபாய்க்கு வாங்கினேன், முன்னட்டை கிடையாது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் இதைத் திருப்பி அனுப்பினவாம். கடைசியில் துணிந்து போட்டது, கார் ரிப்பேர் கையேடு அச்சடித்துக்கொண்டிருந்த கம்பெனி. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் சொந்தக்காரப் பாசம்.

ஆனால் இதை முடிக்க எனக்கு இரண்டாவது முயற்சி. முதலில் ஆரம்பித்தது 2024இல். ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருஷம் ஜூலை 28 வரைக்கும் திறக்கவில்லை. போர்வெல் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ராப்பகலாக மோட்டார் ஓட்டினார்கள், ஓட்டின மோட்டாரெல்லாம் கருகிக்கொண்டு கடைக்கு வந்தது. தெருவிலேயே அடுக்கி வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் எனக்கு நல்ல வருஷம். இதை டீக்கடையில் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன். தண்ணீர் இல்லாத கிரகத்தைப் பற்றின கதையைத் தண்ணீர் இல்லாத வருஷத்தில் படிக்க எனக்கு நேரம் இல்லை. இப்போது கோரையாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, கடையில் ஈ ஓட்டுகிறேன், புத்தகம் நகர்கிறது.

அதில் ஒரு விருந்து வரும். அந்த ஊர் மாளிகையில் பழைய வழக்கம் என்னவென்றால், விருந்தாளிகள் கை கழுவுகிற சாக்கில் தண்ணீரைத் தரையில் தளும்ப ஊற்றி, கை துடைத்த துண்டை அந்தக் குட்டையிலேயே வீசிவிட்டுப் போவார்கள். விருந்து முடிந்த பிறகு வாசலில் நிற்கிற ஏழைகளுக்கு அந்தத் துண்டைப் பிழிந்த தண்ணீர் கிடைக்கும். புதிதாக வந்த பிரபு அதை நிறுத்தி, வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோப்பை கொடு என்பார். அந்தப் பக்கத்தில் அகராதியை மூடி வைத்துவிட்டேன். துண்டைப் பிழிந்து பிழைக்கிறவன் கூட்டத்தில் நானும் ஒருத்தன் இல்லையா என்று ஒரு எண்ணம். விடுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. அந்தப் பாலைவன ஜனங்கள் பாறைக்கு அடியில் ரகசியமாகத் தண்ணீர் சேர்த்து வைத்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக, செத்தவர் உடம்பிலிருந்து எடுத்த நீரைக்கூட விடாமல். ஒரு குகையில் மட்டும் 38 மில்லியன். அதாவது 3 கோடியே 80 லட்சம் லிட்டர். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி 28.3 லிட்டர். மேட்டூரில் விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால் அவர்களுடைய மொத்தச் சேமிப்பும் ரெண்டேகால் நிமிஷத்தில் போய்விடுகிறது! ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

கேள்வி இதுதான். பழைய அறிவியல் புனைகதை படிக்கிற ஆட்கள் இந்தப் பக்கம் யாராவது இருந்தால், இப்போது என்ன படிக்கிறீர்கள்? எனக்கு அடுத்தது எதை எடுக்கலாம்? ரொம்பப் பொடி எழுத்தாக இருந்தால் வேண்டாம், கண் ஒத்துழைக்கவில்லை.


குடந்தை எம்எஸ்சி:

அண்ணே, வணக்கம். கும்பகோணத்தில் இயற்பியல் படிக்கிறேன். முதலில் கணக்கு. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். 38 மில்லியன் லிட்டர் இல்லை, டெகாலிட்டர். பத்தால் பெருக்க வேண்டும்.

நான் இப்போது படிப்பது ஆர்தர் சி. கிளார்க்கின் 'ராமாவுடன் சந்திப்பு', 1973. ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன், தலைப்பை நானே தமிழில் சொல்லிக்கொள்கிறேன். பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பத்தா பக்திப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டு, காலை நீட்டிப் படிக்காதே என்று திட்டினார். அவர் நினைத்ததிலும் பாதி சரி. வானத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கிறவற்றுக்குக் கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர் தீர்ந்துபோய் இந்துக் கடவுள்களுக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் கதையில் இருக்கும்.

சூரியனை நோக்கி ஒரு பொருள் வருகிறது. போய்ப் பார்த்தால் 50 கிலோமீட்டர் நீளம், 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருளை. நான்கு நிமிஷத்துக்கு ஒரு சுற்று. உள்ளே ஆள் இல்லை. அந்தச் சுழற்சியால்தான் உள்ளே நிற்க முடிகிறது, வாளியில் தண்ணீர் வைத்துச் சுற்றினால் கொட்டாதே, அதுபோல. நடுவில் ஒரு கடல், உருளையின் உள்சுவரை மோதிரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலேயும் அதே கடல். முதலில் பனிக்கட்டியாக இருக்கும், சூரியனை நெருங்க நெருங்கக் கீழேயிருந்து உருகும்.

பாத்திரங்கள் எல்லாம் அட்டை மனிதர்கள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். கமாண்டருக்கு இரண்டு கிரகத்தில் இரண்டு பெண்டாட்டி என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஆனால் இடம்! ஒரு படிக்கட்டில் இறங்குவதற்கே பல பக்கம், அதில் ஒரு வரிகூட அலுக்கவில்லை. எழுத்து பெரிசுதான் அண்ணே. முடித்ததும் கொடுத்து அனுப்புகிறேன்.


காயில்கடை, நீடாமங்கலம்:

தம்பி, பார்த்தேன். டெகாலிட்டர்தான். அகராதியில் அந்த வார்த்தையைத் தேடாமல் விட்டுவிட்டேன், லிட்டர் என்று முடிகிறதே என்று. அப்படியானால் 38 கோடி லிட்டர். 10,000 கன அடிக்கு 22 நிமிஷம் சொச்சம். டீ ஆறி, குடித்து, இன்னொன்று சொல்லலாம்.

ஆனாலும் ஒரு டி.எம்.சி.யில் எழுபத்தைந்தில் ஒரு பங்குதான் வருகிறது. மேட்டூர் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நாம் எவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு எவ்வளவு சண்டை போடுகிறோம் என்று பாருங்கள். அவர்களிடம் அதுபோல ஆயிரக்கணக்கான குகை இருக்கிறது என்று தலைவர் சொல்வார், அதையும் சேர்த்தால் கொஞ்சம் மரியாதையான தொகை வரும்.

காயில் கட்டுகிறவன் எண்ணிக்கையில் பத்து மடங்கு தப்பு விட்டான் என்று வெளியில் சொல்லாதீர்கள். தொழில் போய்விடும்.


பழைய லஸ்கர்:

பாசனப் பிரிவில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மதகு ஷட்டர் ஏற்றி இறக்கி, அளவுகோல் பார்த்து, நோட்டில் எழுதிய கைதான் இது. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் அந்தத் தம்பி சொல்கிற உருளைக் கதை எனக்குத் தெரியும். போன வருஷம் பேத்தி லீவுக்கு வந்தபோது தினம் ராத்திரி படித்துத் தமிழில் சொன்னாள்.

அதில் அந்தக் கடலுக்கு இரண்டு கரை. வடக்குக் கரை 50 மீட்டர் உயரம். தெற்குக் கரை 500 மீட்டர். ஏன் இப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அந்த விஞ்ஞானிகளுக்குப் புரியவில்லை என்று பேத்தி படித்தாள். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னேன், இதில் புரிய என்ன இருக்கிறது, அந்தப் பக்கம் தண்ணீர் ஏறப்போகிறது என்று. தாத்தா சும்மா இருங்க என்றாள். நாலு நாள் கழித்து அவளே வந்து, நீங்க சொன்னதுதான் தாத்தா, அந்தக் கப்பல் வேகம் எடுத்தால் கடல் பூராவும் பின்பக்கம் சாயுமாம், அதுக்குத்தான் அவ்வளவு உயரக் கரை என்றாள்.

ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையைத்தான் தண்ணீர் அறுக்கும். உள்கரையில் மணல் ஏறும். வெள்ளக் காலத்தில் மூங்கிலும் மணல் மூட்டையும் எந்தப் பக்கம் இறக்கி வைப்போம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கரையை மட்டும் உயர்த்திக் கட்டியிருந்தால், கட்டினவனுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்திருக்கிறது. அதைக் கட்டினவர்கள் எந்தக் கிரகத்துக்காரர்களோ, கரை கட்டத் தெரிந்தவர்கள்.

காயில்கடைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. மோட்டார் கருகினால் யாராவது கட்டித்தான் ஆக வேண்டும். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.


குடந்தை எம்எஸ்சி:

ஐயா! நான் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. கரை உயரம் ஏன் என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சரி, பரவாயில்லை. எம்எஸ்சி படிக்கிறவனுக்கு வராதது உங்களுக்கு வெற்றிலை போடும்போது வந்திருக்கிறது.


கொள்ளிடக் கரை, ஸ்ரீரங்கம்:

இவ்வளவு பேசுகிறீர்கள், நம் ஊர்க்காரர் பெயரை ஒருத்தரும் எடுக்கவில்லையே. காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிற இந்தத் தீவில் வளர்ந்தவர் சுஜாதா. நான் இப்போது 'என் இனிய இயந்திரா'வை நான்காவது தடவை படிக்கிறேன்.

என்னிடம் இருப்பது புத்தகம் இல்லை. விகடனில் தொடராக வந்தபோது அம்மா வாராவாரம் கிழித்து எடுத்து வைத்து, மேல வீதியில் பைண்டு போட்டது. பக்கத்துக்குப் பின்னால் பாதி ஜோக்கு, பாதி விளம்பரம். நடுவில் இரண்டு வாரம் கிடையாது. எதிர்வீட்டு மாமி இரவல் வாங்கிப் போய்த் தரவில்லை, அவர்கள் வீடு மாறியும் போய்விட்டார்கள். அதனால் பத்து வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் அந்த இரண்டு வாரத்தில் ஜீனோ என்ன செய்தது என்று நானே கற்பனை செய்துகொண்டிருந்தேன். பிறகு முழுப் புத்தகம் வாங்கிப் படித்தேன். என் கற்பனை மோசம் என்று தெரிந்தது.

ஜீனோ ஒரு இயந்திர நாய், அது உட்கார்ந்து புத்தகம் படிக்கும், எஜமானரை மடக்கிக் கேள்வி கேட்கும். அவர் எதிர்காலம் என்று எழுதிய காலத்தை நாம் தாண்டியே வந்துவிட்டோம். பிள்ளை பெற அரசாங்க அனுமதி என்பதெல்லாம் வரவில்லை. ஆனால் நம்மைவிட நன்றாகப் பேசுகிற இயந்திரம் வந்துவிட்டது. மணல் கிரகத்துக்கெல்லாம் போகாமல் இதை முதலில் படியுங்கள். அகராதியும் வேண்டாம்.


காயில்கடை, நீடாமங்கலம்:

ஸ்ரீரங்கத்து அண்ணா, சுஜாதா படிக்காமலா இவ்வளவு தூரம் வந்திருப்பேன்? ஜூனியர் விகடனில் அவர் 'ஏன் எதற்கு எப்படி' எழுதியதை எல்லாம் படித்துத்தான் ஐடிஐ-யில் எலக்ட்ரிகல் எடுத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. சுஜாதா கதையில் எல்லாரும் கெட்டிக்காரர்களாகப் பேசுவார்கள், நாய் உட்பட. படிக்கும்போது ஜோராக இருக்கும். மூடி வைத்த பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. டியூனில் பாலைவனத் தலைவன் ஒருத்தன் முதல் தடவை பிரபுவைப் பார்க்க வந்து மேஜையில் காறித் துப்புவான். எல்லாரும் துள்ளி எழுவார்கள். அவன் ஊரில் அது மரியாதை, தன் உடம்பு நீரையே காணிக்கையாகக் கொடுக்கிறான். வாயைத் திறந்து அவன் அதிகம் பேசுவதில்லை. அந்த எச்சில் போதும், அவன் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.


மாயவரம் டீச்சர்:

பாலைவனம், உருளை, நாய். எல்லாம் சரி. பெண் எழுதின புத்தகம் ஒன்றுகூட இல்லையா? மேரி ஷெல்லி 1818இல் 'ஃபிராங்கென்ஸ்டைன்' எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சே இருந்திருக்குமோ என்னவோ.

நான் இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் 'சுல்தானாவின் கனவு' சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரொக்கேயா என்ற வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதியது. 1905இல் முதலில் அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில், பெண்களுக்காக வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையில். கணவர் வெளியூர் போயிருந்தபோது பொழுதுபோக எழுதினாராம். ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க, பெண்கள் நாட்டை நடத்துகிற ஊர். அங்கே ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தில் பெரிய பலூன் ஒன்றை மேகத்துக்கு மேலே நிறுத்தி, குழாய் போட்டுத் தண்ணீரை நேராக இறக்கிக்கொள்வார்கள். இன்னொரு பல்கலைக்கழகத்தில் சூரிய வெப்பத்தைச் சேமிப்பார்கள். படையெடுத்து வந்தவர்களை அந்த வெப்பத்தாலேயே விரட்டுவார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தின கதை.

பலூன் இடம் வந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கினாள். அவள் அப்பாவுக்குக் குத்தகை நிலம் இரண்டு மா. "டீச்சர், அப்ப தண்ணிக்கு நாம யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப அந்த ஊர்ல நடவு எப்ப?" என்றாள். அதற்குக் கதையில் பதில் இல்லை. அந்த ஊரில் உழுவதெல்லாம் மின்சாரத்தில் என்று மட்டும் இருக்கிறது. நடவு நாளை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஜூன் 12 என்று நாலைந்து குரல் வந்தது.

போன நவம்பரில் மழை லீவு விட்டு விட்டுப் பள்ளி நடந்தபோது, ரே பிராட்பரியின் ஒரு சின்னக் கதை சொன்னேன், 1954இல் வந்தது. வெள்ளி கிரகத்தில் ஏழு வருஷமாக ஓயாத மழை. சூரியன் கொஞ்ச நேரம் மட்டும் எட்டிப் பார்க்கப் போகிறது. பூமியிலிருந்து வந்த, வெயிலை ஞாபகம் வைத்திருக்கிற ஒரே பெண்ணை மற்ற பிள்ளைகள் அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு வெயிலில் விளையாடப் போய்விடுவார்கள். சொல்லி முடித்தபோது வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் மறுநாள் வந்து, "அவ வெளிய வந்ததும் என்ன சொன்னா டீச்சர்?" என்று கேட்டான். கதை அங்கே முடிந்துவிடுகிறது, கதவைத் திறந்துவிடுவதோடு. அந்தப் பையன் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறான்.

கும்பகோணத்துத் தம்பிக்கு: கிளார்க் 1956லிருந்து கடைசிவரை இலங்கையில்தான் இருந்தார். திருகோணமலையில் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளின கோணேசுவரர் கோயிலின் கற்களைப் பார்த்தவர். எங்கள் சீர்காழிச் சம்பந்தர் பதிகம் பாடின கோயில். அதனால் உங்கள் அப்பத்தா சொன்னபடி காலை நீட்டாமலேயே படியுங்கள்.


வேதாரண்யம் உப்பளம்:

டீச்சர் சொன்ன அந்தக் கடல் எங்கள் வாசலில். இங்கே நின்றால் கிளார்க் வீட்டு வெளிச்சம் தெரியும் என்று ஒரு காலத்தில் நான் கதை விடுவேன். தெரியாது, கொழும்பு அந்தக் கோடியில் இருக்கிறது.

நான் புதிதாக எதுவும் படிக்கவில்லை. வெல்ஸின் 'உலகங்களின் போர்', 1898. வருஷா வருஷம் நவம்பரில் ஒரு தடவை எடுப்பேன். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம். விடிந்து பார்த்தால் எங்கள் கொல்லையில் தென்னை அறுபத்துமூன்றில் நின்றது நாலு. கரண்ட் வர ஒரு மாசத்துக்கு மேல் ஆனது. போன் செத்துவிட்டது. சாய்ந்த தென்னையில் உட்கார்ந்துகொண்டு, இருந்த ஒரே புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில் படித்தேன். செவ்வாய்க்காரர்கள் வந்து போன பிறகு அந்த ஆள் நடந்து போய்க்கொண்டே இருப்பான், தெரிந்த ஊர், தெரிந்த தெரு, எதுவும் அதன் இடத்தில் இருக்காது. அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதில் சிவப்புக் களை ஒன்று வரும். செவ்வாயிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரைத் தொட்டதும் வெறிபிடித்து வளரும். தேம்ஸ் ஆற்றையே அடைத்து, தண்ணீரைக் கரைக்கு மேல் ஏற்றிவிடும். படம் எடுக்கிறவர்கள் மூன்றுகால் இயந்திரத்தைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தக் களைதான் பயம். ஏனென்றால் ஆகாயத்தாமரை நம் வாய்க்காலில் என்ன செய்கிறது என்று தினம் பார்க்கிறேன். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்ததுதான். பூவைப் பார்த்தால் ஊதா நிறத்தில் கண்ணைப் பறிக்கும். வடிகாலில் அது அடைத்துக்கொண்டால், மழை நாளில் சம்பாப் பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும், வடியவே வடியாது. வெல்ஸின் களை கடைசியில் நோய் வந்து வெளுத்து, தொட்டாலே நொறுங்கிப் போகும். நம்மது போகிற வழியாக இல்லை.

காயில்கடைக்கு ஒன்று. ஹெர்பர்ட்டுக்கு அந்த மணல் கிரகம் தோன்றியதே ஒரு நிஜ வேலையைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் ஆரிகன் கடற்கரையில் நகர்கிற மணல் மேட்டைப் புல் நட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர். எங்கள் கரையில் அந்த வேலையை அடம்பங்கொடி செய்கிறது, யாரும் நடாமலே.


காயில்கடை, நீடாமங்கலம்:

உப்பளத்து அண்ணே, அந்தப் புல் விஷயம் கதைக்குள்ளேயும் வருகிறது. மணல் மேட்டில் முதலில் புல், அப்புறம் செடி, அப்புறம் மரம். அந்தக் கிரகம் பச்சையாக எவ்வளவு காலம் ஆகும் என்று ஜனங்கள் கேட்பார்கள், முந்நூறிலிருந்து ஐந்நூறு வருஷம் என்று பதில் வரும். கேட்டவர்கள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் மோட்டார் நாளைக்கு வரும் என்றாலே சண்டைக்கு வருகிறார்கள்.

டீச்சர், அந்த பலூன் கதையை நானும் படிக்க வேண்டும். சின்னது என்றால் ஒரே மோட்டாருக்கு முடித்துவிடலாம். அலமாரிப் பெண் கதை வேண்டாம், அதைக் கேட்டதே போதும்.

லஸ்கர் ஐயா, நீங்கள் சொன்ன வார்த்தைக்கு நன்றி. நீடாமங்கலம் பக்கம் வந்தால் மூணாறு தலைப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் கடை சொல்வார்கள். வெற்றிலை வாங்கி வைக்கிறேன்.

தம்பி, ராமா அடுத்தது என்று முடிவு. டியூனில் இன்னும் நூற்றிஎண்பது பக்கம் இருக்கிறது. இப்போதுதான் ஒரு ஏழரை எச்பி வந்து இறங்கியது, கருகின வாசனை தெருக்கோடி வரைக்கும். காய இரண்டு நாள் ஆகும், அதற்குள் பாதி ஓடிவிடும்.


குடந்தை எம்எஸ்சி:

அண்ணே, முடித்துவிட்டேன். லஸ்கர் ஐயா கரையைச் சொல்லிவிட்டதால் கடைசிப் பக்கங்களை வேறு மாதிரிப் படித்தேன், கடல் எப்போது சாயும் என்று காத்துக்கொண்டே. சாய்ந்தது.

நாளைக் காலை மன்னார்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன், வலங்கைமான் வழியாக வருகிறது, எட்டரைக்கு நீடாமங்கலம் ஸ்டாண்டில் நில்லுங்கள். பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, மேலே 'காயில்கடை' என்று எழுதியிருக்கும். அப்பத்தா ஓரத்தில் மஞ்சள் வைத்திருக்கிறார், துடைக்க வேண்டாம். வார்னிஷ் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது கல்லூரி நூலகப் புத்தகம்.